எங்கள் கைகளுக்குக் கற்றுத் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள டாக்டர் ஐயாவுக்கும், நர்ஸ் அக்காவுக்கும், தீயணைப்புப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் எங்களுக்காக மூன்று நாள் நின்ற அண்ணனுக்கும், பயிற்சிப் பொம்மைகளை இரவல் தந்தவர்களுக்கும், அடிபட்டவர்களாக நடித்துச் சேற்றில் கிடந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும்,

வணக்கம்.

முதலுதவிப் பயிற்சி முடிந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. முட்டியில் உரிந்த தோல் இன்னும் ஆறவில்லை. அது ஆறுவதற்குள் இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் தேடுதல் மீட்புக் குழுவுக்குத் தேடத் தெரியும். கயிறு கட்டுவோம், படகு செலுத்துவோம், சாயும் சுவருக்கு முட்டுக் கொடுப்போம், இருட்டில் முனகல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்வோம். ஆளைக் கண்டுபிடித்த பிறகுதான் கை நின்றுபோகும். ஸ்ட்ரெச்சரில் ஏற்று, ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடு என்பதுதான் அதுவரை நாங்கள் அறிந்த முதலுதவி. அந்த ஆம்புலன்ஸ் பல நேரம் அரை மணி நடைத் தொலைவில் நிற்கும். இதயம் நின்றவருக்கோ நாலைந்து நிமிடத்திலேயே மூளை சேதமாகத் தொடங்கிவிடுகிறது. இந்தக் கணக்கை இத்தனை வருடம் நாங்கள் போட்டுப் பார்க்கவே இல்லை.

நர்ஸ் அக்கா, முதல் நாள் காலையில் நீங்கள் தரையில் படுத்து, வாயைத் திறந்து, கரையில் எறிந்த மீனைப் போல ஒரு தடவை காற்றை இழுத்தீர்கள். பிறகு அசைவே இல்லை. நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு எண்ணியபோது இன்னொரு இழுப்பு. படுத்தபடியே, "இந்த ஆள் மூச்சு விடறாரா?" என்று கேட்டீர்கள். பாதிப் பேர் "ஆமா" என்றார்கள். நான் வாயே திறக்கவில்லை. அந்த இழுப்பை நான் முன்பே பார்த்திருந்தேன்.

இரண்டு வருடம் முன்பு ஆற்றிலிருந்து ஒருவரைச் சீக்கிரமே தூக்கிவிட்டோம். கரையில் போட்டதும் இதே மாதிரி இழுத்தார். "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று கத்தினோம். குப்புறப் போட்டு வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கப் பார்த்தோம். வண்டி வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது. பிறகு நின்றுவிட்டது.

எல்லோரும் வெளியே போன பிறகு இதை உங்களிடம் சொன்னேன். நீங்கள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "அது மூச்சு இல்ல தம்பி. இதயம் நின்ன பிறகும் கொஞ்ச நேரம் அப்படி இழுக்கும். கூப்பிட்டா அசையல, ஒழுங்கா மூச்சும் விடலன்னா யோசிக்காத, மூச்சு குடுக்கவும் நெஞ்ச அழுத்தவும் ஆரம்பிச்சிடு" என்றீர்கள். பிறகு பொம்மையை நம் இருவருக்கும் நடுவில் இழுத்துப் போட்டு, "வா, இப்ப செய்" என்றீர்கள். அந்த நேரத்தில் எனக்கு வேண்டியிருந்தது அதுதான் அக்கா. அதற்காகவே இந்த மடலைத் தொடங்கினேன்.

நீரில் மூழ்கியவருக்கு முதலில் மூச்சு கொடுக்க வேண்டும் என்பதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதில் நேரம்தான் வீணாகிறது, வாந்தி வந்து அது மூச்சுக்குழாய்க்குள்ளும் போகலாம் என்பதும் எங்கள் குழுவில் அன்று வரை ஒருவருக்கும் தெரியாது. இதயக் கோளாறால் விழுந்தவரின் ரத்தத்தில் பிராணவாயு இன்னும் மிச்சம் இருக்கும். மூழ்கியவருக்கு அதுதான் தீர்ந்துபோயிருக்கும். காரணத்தோடு சொன்னதால் அது மறக்காது.

நெஞ்சழுத்தத்தைப் பற்றி எல்லோரும் ஆழத்தைத்தான் சொல்வார்கள். பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். அக்கா என் முதுகுக்குப் பின்னால் மண்டியிட்டு, என் தோளில் கை வைத்து, ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் தோளை மேலே தூக்கிவிட்டுக்கொண்டே இருந்தார். "விடு, முழுசா விடு. நீ விட்டாத்தான் உள்ள ரத்தம் வந்து நிறையும்." களைத்தவன் கையை முழுதாக எடுக்காமல் சாய்ந்தே நிற்பான், அது தனக்கே தெரியாது. என் தோளில் அந்தக் கை இல்லாமல் இதை நான் உணர்ந்திருக்கவே மாட்டேன்.

எண்ணுவதிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஒன்று, இரண்டு என்று போகும்போது வேகம் சரியாக வரும். இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று சொல் நீண்டதும் கையும் சொல்லோடு சேர்ந்து தளர்ந்துவிடும். அதைக் கண்டுபிடித்தவர் தீயணைப்பு அண்ணன். பத்து வரை எண்ணு, அதை மூன்று தடவை எண்ணு, பிறகு இரண்டு மூச்சு என்றார். அன்று மாலையே எங்கள் எல்லோருடைய வேகமும் சீரானது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், களைக்கவில்லை என்று யார் சொன்னாலும் கேட்கக் கூடாது என்று அவர் விசில் அடித்துக்கொண்டே இருந்தார். அந்த விசில் சத்தம் இன்னும் காதில் கேட்கிறது.

டாக்டர் ஐயா, மருத்துவமனைக்குப் பாடம் எடுப்பது போல எடுக்காமல் எங்கள் களத்துக்கு எடுத்ததற்கு நன்றி. சேற்றில் அழுத்தினால் ஆள்தான் உள்ளே போகிறார், நெஞ்சு அமுங்குவதில்லை என்பதை நாங்களே செய்து பார்க்கும்வரை பொறுமையாக நின்றீர்கள். பலகை போடு, இல்லையென்றால் கெட்டித் தரைக்கு இழு. ஏஇடி, அதாவது இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியின் பட்டைகளை ஒட்டும் முன் நெஞ்சின் ஈரத்தைத் துடை. இடிபாட்டில் கால் நெடுநேரம் நசுங்கிக் கிடந்தவரின் மேலிருந்து பாரத்தைத் தூக்கும் முன் மருத்துவக் குழுவிடம் சொல். நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியம் ஒரேயடியாக ரத்தத்தில் கலந்தால் இதயமே நின்றுபோகலாம். அதுவரை பேசிக்கொண்டிருந்தவர் வெளியே எடுத்ததும் ஏன் போனார் என்று எங்களில் சிலர் வருடக்கணக்காக மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று அவர்கள் முகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மின்னல் தாக்கிய இடத்தில் மட்டும் முறை தலைகீழ் என்றதும் மனதில் நின்றுவிட்டது. பலர் விழுந்து கிடக்கும் மற்ற இடங்களில் மூச்சில்லாதவர் கடைசிக்குப் போவார். இங்கே அசையாமல் கிடப்பவரிடம்தான் முதலில் ஓட வேண்டும். கத்துகிறவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்.

1999-இல் நார்வேயில் பனிச்சறுக்கின்போது ஓடையின் பனிக்கட்டிக்கு அடியில் 80 நிமிடம் சிக்கிக்கொண்ட அன்னா பேகன்ஹோம் பற்றியும் சொன்னீர்கள். உடல் வெப்பம் 13.7 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியும் பிழைத்து, பின்னாளில் தன்னைக் காப்பாற்றிய மருத்துவமனையிலேயே கதிரியக்க மருத்துவரானார். அவரை வெளியே இழுத்த நிமிடத்திலிருந்து மருத்துவமனை வரை யாராவது ஒருவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார்கள் என்றீர்கள். குளிர்ந்து விறைத்த உடலைப் பார்த்து "முடிஞ்சுது" என்று சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை என்பது அன்று புரிந்தது.

பொம்மை தந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பொம்மையின் முகம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸில் சேன் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும், பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகம் என்றும், நார்வேயில் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்முண்ட் லேர்டால் 1960-இல் அந்த முகத்தையே பயிற்சிப் பொம்மைக்கு வைத்தார் என்றும் நீங்கள் சொன்ன பிறகு எங்கள் படகோட்டி அதைத் தரையில் வைக்கும்போது தலைக்குக் கீழே கை கொடுத்துத்தான் வைக்கிறார். அவர் தண்ணீரிலிருந்து எத்தனையோ பேரைத் தூக்கியவர்.

கல்லூரிப் பிள்ளைகளே, இரவுப் பயிற்சியில் இரண்டு மணி நேரம் ஈரத்தில் அசையாமல் கிடந்தீர்கள். தாடையை முன்னே தள்ளி மூச்சுவழி திறக்கும்போது எங்கள் கையுறையில் இருந்த மண்ணெல்லாம் உங்கள் கன்னத்தில் இருந்தது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ரத்தத்தை நிறுத்தக் கட்டுப் போடும்போது எங்கே வலிக்கிறது, எங்கே தளர்கிறது என்று நீங்கள் சொன்னதை எந்தப் பொம்மையும் சொல்லாது.

கை மறந்துவிடும் என்று அக்கா எச்சரித்தார். அதனால் மாதம் ஒரு ஞாயிறு படகுக் கொட்டகையில் பயிற்சி என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். ஆறு மாதம் கழித்து நீங்கள் எல்லோரும் வந்து எங்களைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

பொம்மைகள் மூன்றையும் கழுவித் துடைத்து வைத்தாயிற்று. ஒன்றின் நெஞ்சு ஸ்பிரிங் எங்கள் அழுத்தத்தில் தளர்ந்துவிட்டது. புதிது வாங்கி மாட்டி, வரும் புதன்கிழமை நானே கொண்டுவந்து தருகிறேன்.

நன்றியுடன்,
தேடுதல் மீட்புக் குழுவினர் அனைவருக்காகவும்,
முதல் நாள் காலை வாய் திறக்காமல் நின்ற தம்பி