சான்றிதழ் தராத மாநாட்டுக்கும் ஓ.டி. கொடுங்கள்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

2019 அக்டோபர் 12, சனிக்கிழமை. பைதான் என்ற கணினி நிரல் மொழிக்காரர்கள் ஆண்டுதோறும் கூடும் பைகான் இந்தியா மாநாடு அந்த முறை சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் தொடங்கியது. எங்கள் கல்லூரிக்குச் சனிக்கிழமையும் வேலை நாள். ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது வெளியே போன நாளையும் வருகையாகக் கணக்கில் எடுக்கும் அனுமதி) கேட்டு அதற்கு முந்தைய வாரமே துறைத் தலைவர் அறை வாசலில் நின்றேன். "யார் நடத்துறாங்க?" என்றார். தன்னார்வலர்கள் என்றேன். "சர்டிபிகேட் உண்டா?" தெரியாது சார் என்றேன். கடிதம் கையெழுத்து இல்லாமல் திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமை இரவு ரயில் ஏறிவிட்டேன். திங்கட்கிழமை காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தப் பொய்யை நினைத்தால் இன்றும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அதே செமஸ்டரில் 'சர்வதேச மாநாடு' என்று பேனர் கட்டிய ஒன்றுக்கு எங்களைக் கல்லூரிப் பேருந்திலேயே அனுப்பினார்கள். பணம் கட்டினோம், பத்து நிமிடம் ஸ்லைடைப் பார்த்துப் படித்தோம், சான்றிதழை ஃபைலில் செருகினோம். கேள்வி கேட்க ஆளில்லை. அதற்கு ஓ.டி. கிடைத்தது.

நந்தம்பாக்கத்தில் எல்லாப் பேச்சும் பிரமாதம் என்று சொல்லமாட்டேன். இரண்டு பேச்சில் தூங்கினேன். விஷயம் அரங்குக்கு வெளியேதான் நடந்தது. டீ வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், நான் புராஜெக்டில் பயன்படுத்திய நிரல் நூலகத்தை (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று எழுதிவைத்த நிரல் தொகுப்பை) எழுதுபவர்களில் ஒருவர். மூன்று வாரமாக என்னைப் படுத்திய பிழையைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "அது உன் தப்பு இல்லை, அதை எப்படிப் பயன்படுத்தணும்னு சொல்ற எங்க ஆவணம் தப்பு. நீயே திருத்தி அனுப்பேன்" என்றார். டீ ஆறிப்போனது. என் பெயரில் போன முதல் திருத்தம் அதுதான், நான்கு வரி. புத்தகத்தில் இருப்பதைத் திருத்தலாம் என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பேச வாய்ப்புக் கேட்டு வந்த விண்ணப்பங்களும் அங்கே பொதுவில்தான் கிடந்தன. யார் என்ன எழுதினார்கள், அதற்கு என்ன கருத்து வந்தது என்று உட்கார்ந்து படிக்கலாம். எந்தத் தொடர்பாடல் வகுப்பிலும் எனக்கு அது கிடைக்கவில்லை. அப்புறம் மின்னல் பேச்சுகள்: ஆளுக்கு ஐந்தே நிமிடம். கை நடுங்கினாலும் ஐந்து நிமிடம் யாரும் தாக்குப்பிடிக்கலாம்.

நடத்துபவர்களுக்குச் சம்பளம் கிடையாது என்பதைக் குறையாக நினைக்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். பிரஸ்ஸல்ஸில் ஒவ்வோர் ஆண்டும் நடக்கும் ஃபாஸ்டெம் என்ற திறந்த மூல மென்பொருள் மாநாட்டுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் போகிறார்கள். கட்டணம் இல்லை, முன்பதிவும் இல்லை. வந்தவர் யார் என்றே குறித்துக்கொள்ளாத இடத்தில் வருகைச் சான்றிதழை யாரிடம் போய் வாங்குவது? அவ்வளவு தூரம் வேண்டாம். லினக்ஸ் வகை இயங்குதளமான டெபியனை உருவாக்கும் தன்னார்வலர்களின் டெப்கான் மாநாடு 2023 செப்டம்பரில் கொச்சிக்கு வந்தது. கோவையிலிருந்து சில மணி நேர ரயில் தூரம். அங்கே பேச்சுகளைப் பதிவு செய்யும் கேமராவுக்குப் பின்னால் நிற்பவர்களும் கலந்துகொள்ள வந்தவர்கள்தான். தெரியாதென்றால் சொல்லிக்கொடுத்து நிறுத்திவிடுவார்கள். பயணச் செலவுக்கு வழியில்லாதவர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

நம் பக்கத்து ஆள் ஒருவரையும் சொல்லவேண்டும். ஊட்டியில் இருந்துகொண்டு லினக்ஸ், பைதான் குழுக்களுக்காக ஓயாமல் உழைத்த கென்னத் கொன்சால்வஸ் 2012இல் மறைந்தார். அவர் பெயரில் பைகான் இந்தியாவில் விருது கொடுக்கிறார்கள். உங்கள் மாணவர்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

சரி, நான் கேட்பது இதுதான். வருகைப் பதிவில் 75 சதவீதம் வேண்டும் என்ற விதியைத் தளர்த்தச் சொல்லவில்லை. செமஸ்டருக்கு இரண்டு நாள், தன்னார்வலர்கள் நடத்தும் மாநாட்டுக்கு ஓ.டி. கொடுங்கள். ஆதாரமாகச் சான்றிதழ் கேட்காதீர்கள். திரும்பி வந்ததும் வகுப்பில் பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். போகாமல் ஊர் சுற்றியவன் இரண்டாவது நிமிடத்திலேயே மாட்டிக்கொள்வான்.

முடிந்தால் நீங்களும் ஒருமுறை மாணவர்களோடு போய் வாருங்கள். டீ வரிசையில் யாரும் உங்களை 'சார்' என்று கூப்பிடமாட்டார்கள், அதற்கு மட்டும் தயாராகப் போங்கள்.

இப்படிக்கு,
காய்ச்சல் என்று விடுப்பு எடுத்த பழைய மாணவன்