சிறைக் கணக்கு குற்றத்தின் கணக்கு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர், 'சிறையில் யார் அதிகம் இருக்கிறார்கள் என்று பாருங்கள், புள்ளிவிவரம் பொய் சொல்லாது' என்று எழுதியிருந்தார். முஸ்லிம்களையும் வடமாநிலத் தொழிலாளர்களையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லியிருந்தார். நான் திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். ஒரு எண்ணைக் காட்டினால், அது எதை எண்ணி வந்தது என்றுதான் முதலில் கேட்பேன்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் சுமார் 76 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். அவர்கள் குற்றம் செய்தார்களா என்று எந்தக் கோர்ட்டும் இன்னும் சொல்லவில்லை. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவர்களும் அதில் இருக்கிறார்கள். வரி ரசீதோடு கையெழுத்துப் போட வர உள்ளூரில் ஆள் இருப்பவன் வெளியே வந்துவிடுகிறான், ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த பையனுக்கு யார் வருவார்கள்?

முஸ்லிம்கள் 2011 கணக்கெடுப்பில் 14.2 சதவீதம், சிறையில் அதைவிடக் கூடுதல், உண்மைதான். ஆனால் 16.6 சதவீதமாக இருக்கும் பட்டியல் சாதியினரும் அப்படித்தான், பழங்குடியினரும் அப்படித்தான். இதற்கு மதம்தான் காரணம் என்றால் மற்ற இருவருக்கும் என்ன காரணம் சொல்வார்? கையில் காசில்லாததும், எது காணாமல் போனாலும் போலீஸ் முதலில் வந்து நிற்கும் வாசலில் குடியிருப்பதும்தான் எனக்குத் தெரிகிறது.

நம் மண்ணிலேயே இது நடந்திருக்கிறது. சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்த 1871இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறமலைக் கள்ளர்கள் கைரேகை வைக்க வேண்டும், அனுமதிச் சீட்டு இல்லாமல் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்றார்கள். பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் ஒரு பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். இந்தச் சட்டத்தில் இருந்த கணக்கு மோசடியை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. சீட்டில்லாமல் பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போய் வந்தாலே அது குற்றம், அதற்குத் தண்டனை, அந்தத் தண்டனை பதிவேட்டில் ஏறும், ஏறின பிறகு 'பார், இந்தச் சாதியில் தண்டனை பெற்றவர்கள் எத்தனை பேர்' என்று அதே பதிவேட்டை எடுத்துக் காட்டுவார்கள். 1952இல் நாடு முழுக்க அந்தச் சட்டம் போய்விட்டது, ஆனால் எங்காவது நகை காணாமல் போனால், அதே சட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்த குறவர்களின் குடியிருப்புக்குப் போலீஸ் ஜீப் போவது இன்னும் நிற்கவில்லை.

எங்கள் தெருவில் நடந்ததையும் சொல்கிறேன். ஒரு வீட்டில் செயின் காணாமல் போனது. யாரும் எதையும் பார்க்கவில்லை. ஆனாலும் மாடி ரூமில் தங்கியிருந்த மூன்று வடநாட்டுப் பையன்களைத்தான் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள், இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு ஒன்றும் கிடைக்காமல் அனுப்பினார்கள். அடுத்த வாரமே அவர்கள் ரூமைக் காலி செய்துவிட்டார்கள். செயினை எடுத்தது யார் என்று இன்று வரை தெரியாது. 'வடக்கன்தான்' என்று மட்டும் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு நானும் வாயைத் திறக்கவில்லை, அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

2023 மார்ச்சில் தமிழர்கள் வடமாநிலத் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பீகாரில் போலி வீடியோக்கள் பரவியபோது நமக்கு எவ்வளவு கோபம் வந்தது! எங்கோ எவனோ செய்ததை வைத்து எங்கள் எல்லோரையும் கொலைகாரர்கள் என்பதா என்று இதே திருப்பூரில் கொதித்தோம். அந்தக் கோபம் நியாயமானது. அதே நியாயம் அந்த மூன்று பையன்களுக்கும் உண்டுதானே?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உள்ளூர்க்காரன் பிடிபட்டால் 'வாலிபர் கைது' என்றும், வெளியூர்க்காரன் பிடிபட்டால் 'வடமாநில வாலிபர் கைது' என்றும் தலைப்புப் போடுகிறீர்கள். அந்த ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்