பருவுக்கு நீல விளக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

குன்னூர் அழகு நிலையப் பலகைகளில் இப்போது 'பருவுக்கு ஒளி சிகிச்சை' என்ற வரியும் சேர்ந்துவிட்டது. வெறும் ஏமாற்று என்று தள்ளிவிட முடியாது. சுமார் 415 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி பட்டால், பருக் கிருமிக்குள் இருக்கும் போர்ஃபிரின் என்ற பொருள் கிளர்ந்து அந்தக் கிருமியையே அழிக்கிறது. சிவப்பு ஒளி வீக்கத்தைத் தணிக்கும். ஆனால் இதெல்லாம் லேசான, நடுத்தரப் பருவுக்குத்தான். கரும்புள்ளிக்கும் ஆழமான கட்டிக்கும் பெரிதாகப் பயனில்லை. நிறுத்தினால் திரும்பவும் வரலாம். இதை யார் எடுத்துச் சொல்கிறார்கள்?

என் அக்கா மகளுக்குக் கண்ணை மூடும் கண்ணாடிகூடத் தராமல் விளக்கை முகத்துக்கு நேரே பிடித்திருக்கிறார்கள். "டாக்ஸிசைக்ளின் மாத்திரை சாப்பிடுகிறாயா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பருவுக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் அந்த மாத்திரை, தோலை வெளிச்சத்துக்குக் கூச வைக்கும் மருந்து.

அப்புறம், வெயிலும் ஒளிதானே என்று மொட்டை மாடியில் முகத்தைக் காட்டுகிறவர்களும் உண்டு. குளிரில் சுடுவது தெரியாது. ஆனால் 1,800 மீட்டர் உயரத்தில் புற ஊதாக் கதிர் சமவெளியைவிட அதிகம்.

அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவர் பார்க்கும் நாட்களைக் கல்லூரி அறிவிப்புப் பலகைகளில் ஒட்டினால், பிள்ளைகள் முதலில் அங்கே போவார்கள்.

– ஒரு வாசகி, குன்னூர்