பேத்திக்கு வந்த முதல் கடிதம்

ஹட்டன்
2025 ஜூன் 14

அன்புள்ள புஷ்பா,

நான் ஊர் வந்து மூன்று வாரமாகிறது. வந்த அன்றே எழுதியிருக்க வேண்டும். ஐந்து மாதம் பூட்டிக் கிடந்த வீடு, கேட்கவா வேண்டும்? அலுமாரியில் இருந்த சேலையெல்லாம் பூஞ்சணம். இந்த மழையில் துவைத்து, அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைத்து முடிக்கவே பத்து நாள் போய்விட்டது. சிவனொளிபாத மலை சீசனும் நான் இல்லாமலே முடிந்துவிட்டது.

போன கிழமை போனில் உன் மகள் வினோவின் பிரசவத்தைப் பற்றி நீ சொன்னாயே, "வினோவுக்கு ஆறு மாதம், மருமகனின் கொம்பனி இன்சூரன்ஸ் இருக்கிறது, கண்டியில் பிரைவேட்டில்தான் பார்க்கப்போகிறோம், காசைப் பற்றிக் கவலை இல்லை" என்று. அந்தக் கடைசிப் பேச்சு எனக்குள் கிடந்து குடைகிறது. போனில் சொன்னால் பாதி கேட்காது, மீதியை நீ சண்டைக்கு எடுப்பாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

டிசம்பரில் அமெரிக்காவில் ஒகையோவுக்குப் போய் இறங்கியபோது நானும் இதே பேச்சைத்தான் பேசினேன். மகள், மருமகன் இரண்டு பேருக்கும் வேலை. சம்பளத்தில் மாதாமாதம் நானூறு டொலருக்கு மேல் காப்புறுதிக்கென்றே பிடிக்கிறார்கள். பிறகென்ன பயம் என்று இருந்துவிட்டேன். ஜனவரி 5 விடியற்காலை பேத்தி பிறந்தாள். சுகப்பிரசவம். ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அவ்வளவு அன்பாகப் பார்த்தார்கள். ஒன்றைத் தவிர: பிள்ளை பிறந்து அரை மணிக்கூறு ஆகவில்லை, ஒரு பெரிய குவளை நிறைய ஐஸ் தண்ணீரைக் கொண்டுவந்து மகள் கையில் கொடுத்தார்கள்! சுக்கு, மிளகு, பூண்டு என்று பத்தியச் சரக்கைப் பெட்டியில் அடைத்து விமானம் ஏறிப் போனவள் நான். அந்த ஐஸ் கடகடவென்று ஆடிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டு இரவு தங்கினோம். சுகப்பிரசவத்துக்கு நாற்பத்தெட்டு மணித்தியாலம், சிசேரியனுக்குத் தொண்ணூற்றாறு மணித்தியாலம், அதற்குள் காப்புறுதிக் கொம்பனி தாயைத் துரத்தக் கூடாது என்று அங்கே 1996இல் ஒரு சட்டமே போட்டிருக்கிறார்களாம். சட்டம் போட்டுத் தடுக்கிற அளவுக்குத் துரத்தியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்!

வீட்டுக்கு வந்து இரண்டு வாரத்தில் உறைகள் வரத் தொடங்கின. முன்பக்கம் சின்ன ஜன்னல் வைத்த வெள்ளை உறை. முதலில் வந்தது காப்புறுதிக் கொம்பனியுடையது. மேலே தடித்த எழுத்தில் "இது பில் அல்ல" என்று அச்சடித்திருந்தது. சரி என்று கீழே பார்த்தால் 34,600 டொலர் என்று ஒரு தொகை. எனக்குக் கால் நடுங்கிவிட்டது. மருமகன் சிரித்தார். அது ஆஸ்பத்திரி வாயில் வந்தபடி போடும் விலையாம். கொம்பனி பேசி வைத்திருக்கும் விலை 15,000தான். சந்தையில் சேலைக்காரன் ஆறாயிரம் என்று தொடங்கி இரண்டாயிரத்தில் நிற்பானே, அதேதான். இங்கே பேரம் நமக்குத் தெரியாமல் நடக்கிறது.

அந்த 15,000இலும் முதல் 2,500 டொலர் முழுக்க நம் கையிலிருந்து போக வேண்டும். அதற்கு டிடக்டிபிள் என்று பெயர். அது தீர்ந்த பிறகுதான் காப்புறுதி கண் திறக்கும். திறந்த பிறகும் மிச்சம் 12,500இல் நூற்றுக்கு இருபது நம்முடையது. அது இன்னொரு 2,500. ஆக மகளுக்கு மட்டும் 5,000.

இன்னொன்றைக் கேள். மாதாந்தம் டொக்டரைப் பார்த்ததற்குக் காசு வாங்கவில்லை, 2010இல் வந்த சட்டப்படி அது இலவசம். ஆனால் ஸ்கேனுக்கும் சில இரத்தப் பரிசோதனைக்கும் முந்திய வருடமே 640 டொலர் கட்டியிருந்தார்கள். அதை அந்த 2,500இல் கழித்துக்கொள்ளலாம்தானே என்று கேட்டேன். முடியாது. ஜனவரி முதலாம் தேதி கணக்கு மறுபடியும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். பத்து மாதம் சுமக்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒரு வருடத்தின் வாலும் அடுத்த வருடத்தின் தலையும் வந்துவிடும். இவள் டிசம்பர் 31க்கு முன்னால் பிறந்திருந்தால் அந்த 640 தப்பியிருக்கும். "பாட்டி வந்து சேரட்டும் என்று காத்திருந்தாள்" என்று மருமகன் பகிடி பண்ணினார். நான் சிரிக்கவில்லை.

எல்லாம் முடிந்தது என்றிருந்த நேரத்தில்தான் அந்த உறை வந்தது. பேர் இருக்க வேண்டிய இடத்தில் "பேபி கேர்ள்" என்று போட்டு, பக்கத்தில் மகளின் குடும்பப் பெயர். நாங்கள் அப்போதுதான் பெயர் முடிவு செய்துகொண்டிருந்தோம், ஆஸ்பத்திரிக்குப் பொறுமை இல்லை. பிறந்த நிமிடத்திலிருந்து அவள் தனி ஆள், தனிக் கணக்கு, தனி டிடக்டிபிள். பிள்ளைகள் டொக்டர் வந்து பார்த்தது, காது கேட்கிறதா என்று சோதித்தது, தொட்டிலில் கிடந்தது எல்லாம் சேர்த்து 2,900. அதில் அவள் பங்கு 2,580. என் பேத்திக்கு இந்த உலகத்தில் வந்த முதல் கடிதம், காசு கட்டு என்று வந்த கடிதம்.

எல்லாவற்றையும் கூட்டினால் 8,220 டொலர். நம் காசில் ஏறக்குறைய இருபத்தைந்து லட்சம். மாதாமாதம் பிடிக்கிற சந்தாவை இதில் சேர்க்கவில்லை. ஆஸ்பத்திரியோடு பேசித் தவணையில் கட்டுகிறார்கள். பேத்திக்கு இரண்டு வயதாகும்வரை கட்டுவார்கள்.

இவர்கள்தான் ஏமாளிகளோ என்று எனக்கு ஒரு சந்தேகம். மருமகன் கணினியில் எடுத்துக் காட்டினார். வேலை வழியாகக் காப்புறுதி பெற்ற பெண்களைப் பற்றி மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். கர்ப்பத்துக்கும் பிரசவத்துக்கும் கையிலிருந்து போனது 2008இல் சராசரி 3,069 டொலர், 2015இல் 4,569. அந்த வருடம் நூறு பேரில் தொண்ணூற்றெட்டுப் பேர் ஏதோவொரு தொகை கட்டியிருக்கிறார்கள். ஆனால் அதே நாட்டில் பத்துப் பிரசவத்தில் நாலுக்கு அரசாங்கத்தின் மெடிகெய்ட் பணம் கட்டுகிறது. அது வருமானம் குறைந்தவர்களுக்கு. மகளின் பக்கத்து வீட்டுப் பெண் கடையில் நின்று வேலை செய்கிறவள், அவளுக்கு ஒரு சதமும் செலவாகவில்லை. நடுவில் நிற்கிறவன் பாடுதான் எங்கேயும் திண்டாட்டம்.

நல்லது ஒன்றும் சொல்ல வேண்டும். முதுகில் ஊசி போட்ட மயக்க மருந்து டொக்டர் தங்கள் கொம்பனியின் பட்டியலில் இல்லாதவராக இருந்தால் தனியாகப் பெரிய பில் வரும் என்று மருமகன் பயந்துகொண்டே இருந்தார். 2022இலிருந்து அப்படி அனுப்பக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டதாம். அந்த உறை வரவில்லை. ஆனால் அந்தப் பயத்திலேயே முக்கியமானதை மறந்துவிட்டார். பிள்ளையைப் பிறந்த முப்பது நாளைக்குள் காப்புறுதியில் பதிய வேண்டும். நாள் தவறினால் பேபி கேர்ளின் பில் முழுவதும் தலையில் விழும். இருபத்தாறாம் நாள் இரவு ஞாபகம் வந்து, போட்டிருந்த கம்பளிச் சட்டையோடு பாய்ந்துபோய்க் கணினி முன்னால் உட்கார்ந்தார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு இருந்தபோது 1993 ஞாபகம்தான் வந்தது. நாங்கள் தோட்டத்தின் மேல் டிவிசனில் இருந்த காலம். நடு இரவில் வலி எடுத்து, கொழுந்து லொறியில் சாக்கை விரித்து என்னைப் படுக்கவைத்து டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு வளைவிலும் பச்சைக் கொழுந்து வாசம் மூக்கில் ஏறும், நான் உன் கையைப் பிடித்து நசுக்குவேன். உன் வளையல் உடைந்ததே, நினைவிருக்கிறதா? மறுநாள் பிளாஸ்கில் கொத்தமல்லித் தண்ணி கொண்டுவந்தாய். எனக்கு ஆன செலவு ஒரு சவர்க்காரம், இரண்டு துவாய், லொறி டிரைவருக்குக் கொடுத்த நூறு ரூபாய், உனக்கு வாங்கித் தந்த வளையல். பில் என்ற ஒன்றை நான் கண்ணால் காணவில்லை. எண்பத்து நாலு நாள் லீவும் சம்பளத்தோடு வந்தது. மகள் இருக்கும் ஊரில் மத்திய சட்டம் பன்னிரண்டு வாரம் லீவு தருகிறது, சம்பளம் தரச் சொல்லவில்லை.

ஓசி என்றதும் செலவே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. போன மாசிதான் என் அண்ணன் பேத்திக்குப் பிள்ளை பிறந்தது, நுவரெலியாவில். ஆஸ்பத்திரியில் ஒரு சதம் வாங்கவில்லை. ஆனால் தோட்டத்திலிருந்து இரவில் வேன் பிடிக்க ஒன்பதாயிரம். ஸ்கேனை வெளியே எடுக்கச் சொன்னார்கள், அது ஒரு பக்கம். புருஷன் ஆறு நாள் அங்கேயே நின்றான், ஆறு பேர், அதாவது ஆறு நாள் கூலி, போச்சு. அப்போது ஒரு பேருக்கு 1,350 என்றால் நீயே கணக்குப் போடு. காதுத் தோடு அடகுக்குப் போயிருக்கிறது. எந்தக் காப்புறுதிக்காரனும் வேன் கூலிக்கும் போன பேருக்கும் காசு தரமாட்டான்.

சரி, வினோ விஷயத்துக்கு வருகிறேன். பிரைவேட்டுக்குப் போகாதே என்று சொல்ல நான் யார்? தனி அறை, தெரிந்த டொக்டர், பக்கத்தில் புருஷன் நிற்கலாம். அவளுக்கு அது வேண்டுமென்றால் போகட்டும். ஆனால் "இன்சூரன்ஸ் இருக்கிறது" என்பதோடு நிறுத்தாதே. நம் ஊரில் டிடக்டிபிள் கதை அவ்வளவு இல்லை, இங்கே வேறு மாதிரி. பிரசவத்துக்கென்று ஒரு உச்சத் தொகை வைத்திருப்பார்கள், அதற்கு மேல் போனால் உன் பாடு. அந்தத் தொகை எவ்வளவு, சுகப்பிரசவத்துக்கு ஒன்று சிசேரியனுக்கு ஒன்றா என்று மருமகனைக் கொம்பனியில் எழுத்தில் வாங்கச் சொல். அவர் இந்த வேலைக்கு மாறி ஒரு வருடம்கூட ஆகவில்லை என்றாயே, அதையும் கேட்கச் சொல். சேர்ந்து இத்தனை மாதம் கழித்துத்தான் பிரசவத்துக்குத் தருவோம் என்று பல திட்டங்களில் இருக்கும். மாதாமாதம் டொக்டரைச் சேனல் பண்ணிப் பார்க்கிற காசும் ஸ்கேனும் அதில் அடங்குமா, ஆஸ்பத்திரி சொல்லும் பெக்கேஜில் டொக்டரின் பீஸ் உள்ளேயா வெளியேயா, முதலில் கட்டிவிட்டுப் பிறகு வாங்க வேண்டுமா, இதெல்லாம் கேட்க வெட்கப்படாதீர்கள். நீ எத்தனை பெற்றோர் கூட்டத்தில் அதிபரையே மடக்கியவள்!

முக்கியமானது பிள்ளை. பிறந்த அன்றிலிருந்தே பிள்ளைக்கும் காப்புறுதி உண்டா என்று கேள். குறைமாதம், மஞ்சள் காமாலை என்று பெட்டிக்குள் வைக்க வேண்டி வந்தால் பிரைவேட்டில் நாள் கணக்கில் காசு ஏறும். அப்போது அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாற்றுகிறார்கள், நாமே பார்த்திருக்கிறோம். அதனால் எது எப்படிப் போனாலும் மிட்வைஃப் மிஸ்ஸின் கிளினிக்கை விடவேண்டாம், அந்தக் கர்ப்பிணிக் கார்டு பூரணமாக இருக்கட்டும். அங்கே தருகிற திரிபோஷா சத்துமாவையும் வாங்கச் சொல். அவள் சாப்பிடாவிட்டால் நீ உருண்டை பிடித்துத் தின்னு, உனக்குப் பிடிக்கும்.

மற்றபடி இங்கே புதினம் ஒன்றுமில்லை. நம்மோடு கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் இருந்த சாந்திக்கு முழங்கால் ஒப்பரேஷன் முடிந்து நடக்கிறாள். ஆடி பிறப்பதற்குள் ஒரு நாள் ரயிலேறி பண்டாரவளைக்கு வருகிறேன், பத்தியச் சரக்கில் மிச்சம் இருக்கிறது, வினோவுக்குக் கொண்டுவருகிறேன்.

இதற்குள் பேத்தியின் படம் ஒன்று வைத்திருக்கிறேன். படம் மடங்காமல் இருக்க ஒரு வெள்ளை உறைக்குள் போட்டிருக்கிறேன், பார். அது அந்த ஆஸ்பத்திரி, காசோலை அனுப்புவதற்கென்று ஒவ்வொரு பில்லோடும் வைத்து அனுப்பியது. மருமகன் எல்லாவற்றையும் கணினியிலேயே கட்டுகிறார், உறையெல்லாம் குப்பைக்குத்தான் போகிறது. நல்ல தடித்த தாள், வீணாகப் போகிறதே என்று பதினேழு உறை எடுத்து வந்தேன். உனக்கும் வேண்டுமென்றால் சொல்.

அன்புடன்,
ராஜி