தீப்பெட்டிப் படங்களுக்கு ஓர் அறை வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வாசகர்களின் சிறு வயது நினைவுகள் என்று உங்கள் பத்திரிகையில் எது வந்தாலும் ஒன்று விடாமல் படித்துவிடுவேன். ஆற்றில் குதித்தது, தோப்பில் மாங்காய் அடித்தது, வரப்பில் நண்டு பிடித்தது என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள், படிக்கவே ஆசையாக இருக்கிறது. எங்கள் ஊர் கோவில்பட்டி. கரிசல் பூமி, ஆறு கிடையாது, தாமிரபரணித் தண்ணீர் குழாயில் என்றைக்கு வருகிறதோ அன்றைக்குத் தெருவே குடத்தோடு நிற்கும். எங்களைப் போன்ற ஊர்க்காரர்களின் கதையையும் ஒரு தடவை சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். கூடவே ஒரு கோரிக்கையும் இருக்கிறது.

1984இல் நான் ஆறாம் வகுப்பு. தெருவில் நாங்கள் ஐந்து பேர், எந்நேரமும் ஒன்றாகத்தான் திரிவோம். எங்களுக்குள் காசு என்றால் அது தீப்பெட்டிப் படம்தான். கப்பல், மயில், சாவி, சேவல், சிங்கம் என்று எத்தனையோ ரகம். எங்கள் ஊரிலேயே அச்சாகி ஒட்டப்படும் படத்துக்கு மதிப்பு இல்லை, கை நிறைய அள்ளலாம். வெளியூர்ப் பெட்டி ஒன்று ரயில் நிலையத்தில் கிடைத்தால் அன்றைக்கு அவன்தான் ராஜா. மண்ணில் வட்டம் கிழித்து நடுவில் படங்களை அடுக்கி, பத்தடி தள்ளி நின்று தட்டைக் கல்லால் அடிப்போம், வட்டத்தை விட்டு எது வெளியே போகிறதோ அது அடித்தவனுக்கு. அது சலித்தால் ஹாக்கி. மட்டைக்கு ஏது காசு, முனை வளைந்த வேலிக்கருவைக் கம்பை வெட்டி முள்ளைச் சீவினால் அதுதான் மட்டை. 2022இல் எங்கள் ஊர்ப் பிள்ளை மாரீஸ்வரன் சக்திவேல் இந்திய அணிக்காக ஆடியபோது எனக்கு அந்தக் கருவைக் கம்புதான் ஞாபகத்துக்கு வந்தது, கண் கலங்கிவிட்டது.

ஐந்து பேரில் மூலைவீட்டுக்காரன் மட்டும் சாயங்காலம் சீக்கிரம் வரமாட்டான். அவன் வீட்டில் பெட்டி ஒட்டினார்கள். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. அவன் பங்குக்கு இத்தனை குரோஸ் என்று கணக்கு உண்டு, அது முடியாமல் வாசல்படி தாண்ட முடியாது. அவன் இல்லாமல் ஆட்டம் ஆடினால் நன்றாகவே இருக்காது, ஏனென்றால் குறி பார்த்து அடிப்பதில் அவன்தான் கெட்டிக்காரன். சரி, நாமும் போய் ஒட்டினால் அவன் சீக்கிரம் வருவான் என்று நாலு பேரும் ஒருநாள் அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

அந்த வேலை இன்றும் என் விரலுக்குத் தெரியும். பலகையில் பசையைத் தடவி அதன் மேல் நீலத்தாளைப் போட வேண்டும். மடிப்புக்குக் கோடு கீறிய மெல்லிய மரச்சீவலை தாளில் வைத்து, கட்டை விரலால் மடக்கி, மூலைகளை அமுக்கிவிட்டால் ஒரு அடிப்பெட்டி, குச்சி இருக்கும் உள்பெட்டி. அதை வெயிலில் வீச வேண்டும், பார்த்துக்கூட வீச வேண்டாம். மைதா மாவுப் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலந்திருப்பார்கள், நகக்கண்ணெல்லாம் பச்சை பாரித்துவிடும். "வாயில விரல வச்சிராதீங்கப்பா, துத்தம் போட்டிருக்கு" என்று அவன் அம்மா நிமிஷத்துக்கு ஒரு தரம் சொல்லிக்கொண்டே இருப்பார். நாங்கள் அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவோம். கணக்கு முடிந்ததும் பொட்டலத்தில் கடலை மிட்டாய்த் தூள் கொடுப்பார். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கடலை மிட்டாய்தான், உடைந்து கடைத் தட்டின் அடியில் கிடப்பது, விலை குறைவு. முழு மிட்டாயை விட எங்களுக்கு அந்தத் தூள்தான் பெரிது.

அவனுடைய அக்காவோடு நாங்கள் பேசியதே குறைவு. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தி, தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்கள், தொழிற்சாலையை நாங்கள் ஆபீஸ் என்போம். மரச்சட்டத்தில் குச்சி அடுக்குகிற வேலை, அதைக் கட்டை அடுக்குவது என்போம். சுற்றுக் கிராமங்களுக்குக் கிழக்கு வெளுக்கும் முன்பே ஆபீஸ் பஸ் போய்ப் பிள்ளைகளை ஏற்றி வரும், தூங்கி வழிந்தபடி ஜன்னலில் சாய்ந்திருப்பார்கள். நாங்கள் விளையாட்டாக ஒட்டினோம், அந்தப் பிள்ளைகள் சோற்றுக்காக ஒட்டினார்கள். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல்தான் வந்தது, அதிலும் வீட்டில் குடும்பத்தோடு செய்யும் வேலைக்கு விலக்கு இருந்தது. அந்த வயதில் எனக்கு இது எதுவும் உறைக்கவில்லை. இன்று நினைத்தால் அந்த அக்காவிடம் ஒரு நாளாவது உட்கார்ந்து பேசியிருக்கலாம் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

போன பொங்கலுக்கு ஐந்து பேரும் ஊரில் கூடினோம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தபோது மூலைவீட்டுக்காரனின் கையைப் பார்த்தேன். பேச்சுவாக்கில் பஸ் டிக்கெட்டை மடக்கி மடக்கி, நாலு மூலையும் அமுக்கி, சின்னதாக ஒரு அடிப்பெட்டி செய்து மேசையில் வைத்திருந்தான். அவன் அதைக் கவனிக்கவே இல்லை. நாங்கள் எல்லோரும் கவனித்தோம், யாரும் எதுவும் சொல்லவில்லை.

இப்போது கோரிக்கைக்கு வருகிறேன். 1923 வாக்கில் சிவகாசிக்கு வந்த தொழில் எங்கள் பக்கத்துக்கு நூறு வருஷமாகச் சோறு போட்டிருக்கிறது. 50 காசுப் பெட்டி 2007இல் 1 ரூபாய், 2021 டிசம்பரில் 2 ரூபாய். பிளாஸ்டிக் லைட்டர் வந்து வியாபாரத்தை அடித்தது, 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்கு 2023இல் மத்திய அரசு தடை போட்டது. மரப்பெட்டி போய் அட்டைப்பெட்டி வந்தது, கையால் செய்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது, அதில் எனக்கு வருத்தம் இல்லை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனால் போதும். ஆனால் அந்தப் படங்கள், குச்சி அடுக்கிய சட்டம், பசைப் பலகை, நீலத்தாள் எல்லாம் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போகின்றன. கோவில்பட்டியில் ஒரே ஓர் அறை, நூலகக் கட்டடத்திலோ நகராட்சி இடத்திலோ, இவற்றை வைப்பதற்குக் கிடைத்தால் போதும். அடுக்கியவர்களும் ஒட்டியவர்களும் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதையும் பதிந்து வைக்கலாம். முதலில் அந்த அக்காவைத்தான் கேட்க வேண்டும். இதைப் பற்றி உங்கள் பத்திரிகை ஒரு வார்த்தை எழுதினால் அதிகாரிகள் காதில் விழும்.

என் டிரங்குப் பெட்டியில் 312 படங்கள் இருக்கின்றன, கப்பல் மட்டும் ஒன்பது. மூலைவீட்டுக்காரன் வீட்டுப் பரணில் அந்தப் பசைப் பலகை இன்னும் கிடக்கிறதாம். அறைக்கு இடம் சொன்னால் மறுநாளே கொண்டுவந்து கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
கோவில்பட்டி வாசகர் ஒருவர்