நெல்லைச் சீமை கம்ப்யூட்டர் சர்வீஸ் அண்ணாச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அண்ணாச்சிமாருக்கு, வணக்கம்.

ஜங்ஷனிலும் வண்ணார்பேட்டையிலும் பாளையிலும் அம்பையிலும் கடை வைத்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. சம்பந்தப்பட்டவருக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் இந்தப் பேச்சு புதிதல்ல: "மதர்போர்டு போயிட்டுக்கா. அந்தச் சவத்தத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா வாங்கிருங்க."

நான் கேட்பது ஒன்றுதான். எந்தப் பாகத்தைச் சோதித்தீர்கள், என்ன அளவு வந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

வீரவநல்லூர்ப் பக்கம் வீட்டிலிருந்தே டிடிபி வேலை, அதாவது அச்சடிக்கப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் வேலை செய்கிறேன். பள்ளிக்கூடக் கேள்வித்தாள், கல்யாணப் பத்திரிகை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸ். பக்கம் அமைக்கும் சாஃப்ட்வேரான பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல். அதிலும், யூனிகோடு வருவதற்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களிலும்தான் என் பழைய வேலை அத்தனையும் இருக்கிறது. "புதுசு வாங்குங்க" என்று நீங்கள் சொல்வது 30,000 ரூபாயோடு முடிவதில்லை. புது மெஷினில் அந்தப் பழைய ஃபைல்கள் சரியாகத் திறக்குமோ என்னவோ. எந்த வீடு எவ்வளவு கொடை வரி, எந்த வீட்டுப் பெயருக்குப் பின்னால் எந்தப் பெயர் வர வேண்டும் என்பது வரைக்கும் போன வருட நோட்டீஸைத் திறந்துதான் திருத்த வேண்டும். வரிசை மாறினால் கோயில் வாசலில் சண்டை வரும்.

இந்த முறை சுடலைமாடசாமி கோயில் கொடைக்குக் கால்நாட்டு நெருங்கும்போது கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. ஆன் ஆகும், பேஜ்மேக்கர் திறக்கும், பொட்டென்று அணையும். சிபியுவைப் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் லக்கேஜ் போட்டார், அது அவர் கடமை. சேரன்மகாதேவியில் ஏறிய கூட்டம் முழுக்க என் மேல் சாய்ந்தது. பத்தமடை தாண்டுவதற்குள் கால் மரத்துவிட்டது. கடையில் மூடியைக்கூடக் கழற்றவில்லை. ஸ்விட்சைப் போட்டார், அணைந்தது, தீர்ப்பு வந்துவிட்டது. "எதுக்கும் வச்சிட்டுப் போங்க, பாக்கேன்" என்றார். போன் செய்தபோதெல்லாம் "நாளைக்கு வாங்கக்கா". வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, சாமக்கொடை என்று எதற்கும் நேரம் போட்டு நோட்டீஸ் அடிக்க முடியவில்லை. ஊர்க்காரர்கள் வேறு இடத்தில் அடித்துக்கொண்டார்கள். அதில் வரிதாரர் பெயர்கள் தலைகீழாக வந்தன. பேச்சு எனக்குத்தான் விழுந்தது.

கடைசியில் அதே சிபியுவைத் திரும்பத் தூக்கி வந்தேன். பக்கத்துத் தெருவில் பாலிடெக்னிக் படிக்கும் தம்பி மல்டிமீட்டரோடு வந்தான். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் மஞ்சள் வயரில் 12 வோல்ட் வர வேண்டும், 11.4க்குக் கீழே போகக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது 10.7தான் வந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே இரண்டு கெப்பாசிட்டர் தலை உப்பிக் கிடந்தன. வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டினான், ஓடுகிறது. போர்டு போகவில்லை, அண்ணாச்சி. போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. இன்னொன்று, 4 ஜிபி ராம் (நினைவகம்) காட்டிக்கொண்டிருந்த மெஷின் இப்போது 2 ஜிபி காட்டுகிறது. ஒரு ராம் ஸ்லாட் காலி. அது எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. சீட்டு இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

அதற்கு முன்னால் ஒரு தடவை, வெப்சைட் எதுவும் திறக்கவில்லை என்று போனபோது "வைரஸ்" என்று சொல்லி ஃபார்மேட் அடிக்கப் பார்த்தார்கள். கையைப் பிடித்துத் தடுத்தேன். போர்டில் தேதியையும் நேரத்தையும் காக்கிற, காசு மாதிரி வட்டமான பேட்டரி தீர்ந்து, தேதி 2009க்குப் போயிருந்தது. தேதி தப்பாக இருந்தால் சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் திறக்க மறுக்கும். 3 வோல்ட் பேட்டரி ஒன்று மாற்றியதும் எல்லாம் சரி.

எஸ்எம்பிஎஸ் ஏன் இப்படிச் சாகிறது என்றால், வெயிலும் வோல்டேஜும்தான். கூடங்குளத்தில் தலா 1000 மெகாவாட்டில் இரண்டு உலைகள் ஓடுகின்றன. ராதாபுரம் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாடி சுற்றுகிறது. எங்கள் தெருவில் மட்டும் சாயங்காலம் யாராவது மோட்டார் போட்டால் டியூப்லைட் அணைந்து அணைந்து எரிகிறது. மின்சாரம் எங்களைத் தாண்டி எங்கேயோ அவசரமாகப் போகிறது போலிருக்கிறது! சரி, அது உங்கள் தப்பில்லை. அதற்கு வேறு இடத்தில் மனுக் கொடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் கஷ்டமும் புரியாமல் இல்லை. பழைய மெஷினைப் பிரித்துத் தேடினால் அரை நாள் போகும், கிடைப்பது சொற்பம். அப்படியென்றால் சோதித்துப் பார்க்க இவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள், கொடுக்கிறோம். ரத்தம் பரிசோதிக்கும் இடத்தில் காசு கொடுத்துச் சீட்டு வாங்குகிறோம் அல்லவா? மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் கொடுக்காததையே நியாயமற்ற வணிக முறை என்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அலைய எனக்கு ஆசையில்லை.

ஆகவே தயவுசெய்து: எதைச் சோதித்தீர்கள், என்ன அளவு வந்தது, எதைக் கழற்றினீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். கழற்றியது செத்த பாகமாக இருந்தாலும் எங்கள் கையில் கொடுத்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்கைத் தொடும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சீட்டு அச்சடிக்கச் செலவாகும் என்று யோசித்தால், டிசைன் நான் போட்டுத் தருகிறேன். காசு வேண்டாம். கடைப் பெயர் எழுத மேலே இடம் விட்டிருப்பேன், நிரப்பிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வீரவநல்லூர்ப் பக்கத்திலிருந்து உங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருத்தி