தடை நாள்களில் பரிசல் குடும்பங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காவிரியில் நீர்வரத்து அதிகரித்ததால் ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கவும் அருவிகளில் குளிக்கவும் தடை விதிக்கப்பட்டுள்ளது என்ற செய்தியைத் தங்கள் நாளிதழில் பலமுறை படித்திருக்கிறேன். கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் நிரம்பி உபரிநீர் திறக்கப்பட்டால், மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவைக் கடந்து எத்தனை ஆயிரம் கனஅடி வருகிறது என்பதும், சுற்றுலாப் பயணிகள் ஏமாற்றத்துடன் திரும்பினர் என்பதும் அச்செய்தியில் தவறாமல் இருக்கும். பரிசலைக் கரையில் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை. பரிசலிலேயே வளர்ந்தவள் என்ற முறையில் அந்தக் குறையைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

என் தந்தையார் நாகமரைப் பக்கம் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பில் மீன் பிடித்தவர். மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, அடியில் பிளாஸ்டிக் சாக்குகளைத் தைத்து, தார் பூசிய அந்தப் பரிசலில்தான் பெற்றோரும் அண்ணனும் நானும் எங்கள் பகல்களில் பாதியைக் கழித்தோம். தாத்தா காலத்தில் சாக்குக்குப் பதில் மாட்டுத்தோல் கட்டுவார்களாம். பரிசலில் யாரும் சட்டென்று எழுந்து நிற்கக்கூடாது. ஒருவர் நகர்ந்தால் எதிர்ப்பக்கம் இருப்பவரும் நகர வேண்டும். நடை பழகும் வயதில் என் இடுப்பில் பழைய சேலைக் கிழிசலைக் கட்டி, மறுமுனையை மூங்கில் விளிம்பில் அம்மா முடிந்து வைத்திருந்தாராம். அந்திக்கு விட்ட வலையை விடியலில் எடுக்கும்போது, கட்லாவும் ரோகுவும் வியாபாரிக்கென்று ஒருபுறம் ஒதுங்கும். எடைக்கு நிற்காத ஜிலேபி மீன்கள் எங்கள் குழம்புக்கு வரும். கேழ்வரகுக் களியும் அந்தக் குழம்பும் இன்றும் என் நாவில் நிற்கின்றன. மழை வந்தால் கரையேறிப் பரிசலைக் கவிழ்த்து, ஒரு பக்கம் துடுப்பை முட்டுக்கொடுத்து, அதன் அடியில் நால்வரும் ஒடுங்கிக்கொள்வோம். தார் வாசனையும் தலைக்கு மேல் மழை அறையும் ஓசையுமாக அப்படிக் கிடந்த இரவுகளைத் துன்பம் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அம்மாவைக் கேட்டால் வேறு பதில் வரலாம். ஒழுகிய இடத்தில் முதுகைக் கொடுத்துப் படுத்தவர் அவர்தான்.

ஜூன் 12-ஆம் தேதி குறுவைக்கு அணை திறக்கப்பட்டால் டெல்டா மாவட்டங்கள் மகிழும். எங்களுக்கோ கரை நாளுக்கு நாள் விலகிப்போகும்; வெடித்த வண்டலில் வலையைச் சுமந்து நடக்க வேண்டும். நீர் இறங்கி, எதிர்க்கரையில் பண்ணவாடி நந்தி சிலை தலைகாட்டினால், அதைப் பார்த்தே அப்பா வலைபோடும் இடத்தை மாற்றுவார். 120 அடிக்கு நீர் ஏறும் காலத்தில் குடிசையைப் பிரித்து மேட்டுக்குக் கொண்டுபோவோம். இப்படி இடம் மாறிய ஓராண்டில் என் பாடநூல்கள் முழுவதும் நனைந்து, பள்ளியில் அரைநாள் வெளியே நிற்க நேர்ந்தது.

என் அண்ணன் இப்போது ஒகேனக்கல்லில் சுற்றுலாப் பயணிகளுக்குப் பரிசல் ஓட்டுகிறார். வெள்ளத்தின்போது தடை விதிப்பதை அவரும் குறை கூறுவதில்லை. நீருக்குள் மறைந்த பாறை எங்கெங்கே இருக்கிறது என்று அறிந்தவர் எவரும் அந்தச் சுழலில் துடுப்பைப் போடமாட்டார். ஆனால் தடை தொடரும் ஒவ்வொரு நாளும் அவருக்கு வருமானம் இல்லாத நாள். சென்ற முறை தடை நீண்டபோது அண்ணியின் தோடு அடகுக்குப் போனது. தண்ணீர் வடிந்து பயணிகள் திரும்பியபோதோ, வெயிலில் காய்ந்து கிடந்த பரிசலுக்குத் தார் பூசி, மூங்கில் மாற்றவே முதல் வாரக் கூலி சரியாகப் போயிற்று.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம் கடைப்பிடிக்கப்படுகிறது. அதற்கான நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023-இல் அரசு அறிவித்தது நியாயமானதே. கடலில் தடை எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பதாவது முன்கூட்டியே தெரியும். அதற்கேற்பக் கைக்காசைச் சேர்த்து வைக்கலாம். கர்நாடகத்தில் பெய்யும் மழையைப் பொறுத்து வரும் எங்கள் தடைக்கு நாள்கணக்கே கிடையாது. எனவே, ஓராண்டில் பரிசல் நிறுத்தப்பட்ட நாள்களை மாவட்ட நிர்வாகமே கணக்கிட்டு, பதிவு பெற்ற ஒவ்வொரு பரிசல் ஓட்டிக்கும் நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று வாழ்வாதாரத் தொகை வழங்க வேண்டும். தடை உத்தரவு எழுத்துப்பூர்வமாகவே வருவதால் இந்தக் கணக்கெடுப்பில் சிக்கல் எதுவும் இருக்காது.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். தடை விதிக்கப்பட்ட செய்தி படத்துடன் வெளியாகிறது. நீக்கப்பட்ட செய்தியோ பல வேளைகளில் உள்பக்கத்து மூலையில் ஒதுங்கிவிடுகிறது. அதனால் வெளியூர்க்காரர்கள் தடை இன்னும் நீடிப்பதாக எண்ணி, பல நாள்கள் ஒகேனக்கல் பக்கம் வருவதில்லை. தடை நீங்கிய செய்தியையும் அதே பக்கத்தில் அதே அளவில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பரிசல்காரர் மகள் ஒருவர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.